கெக்கில் 6 டிகிரி, குழாயில் பனிக்கட்டி

வாசகர் கேள்வி: ஐயா, நான் கனடாவில் பிராம்ப்டனில் வசிக்கிறேன். இரண்டு டேப் உள்ள கெகரேட்டர் (கெக் எனும் பீர் பீப்பாயை உள்ளே வைத்துக் குளிர்வித்து, மேலே குழாய் வழியாக ஊற்றும் ஃப்ரிட்ஜ்) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி பேஸ்மென்டில் வைத்திருக்கிறேன். இடது டேப்பில் நானே காய்ச்சிய பேல் ஏல் வகை பீர், 5 சதவீத ஆல்கஹால். வலது டேப்பில் வீட்டில் எல்லோரும் குடிக்கும் வெறும் சோடா. முதல் கிளாஸ் எப்போதும் பாதிக்கு மேல் நுரையாக வந்தது. குளிர் போதவில்லை என்று நினைத்து டிகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பிறகு நண்பர் சொன்னபடி வெளியே மாட்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, அதன் சென்சரைப் பீர் கெக்கின் மேல் ஒட்டி 2 டிகிரி வைத்தேன். ஒரு வெள்ளி இரவு புது பீர் கெக்கை உள்ளே வைத்தேன். சனி காலை சோடா ஒரு சொட்டு வரவில்லை. மதியத்துக்குள் பீரும் நின்றுவிட்டது. அப்போது கன்ட்ரோலர் காட்டியது 6 டிகிரி! பீரைத் தள்ளும் கேஸின் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை ஏற்றிப் பார்த்தேன், அசையவில்லை. கதவைத் திறந்து உருகவிட்டேன். ஒரு வாரத்தில் சோடா மறுபடி உறைந்துவிட்டது, பீர் மட்டும் வருகிறது. 6 டிகிரியில் எப்படி உறையும்? கேஸ் லீக்கா, தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா? ஹேர் ட்ரையர் காட்டலாமா? உறைந்த பீரைக் குடிக்கலாமா?

பதில்: 6 டிகிரியில் பீரும் சோடாவும் உறையாது. அந்த 6 டிகிரி உங்கள் கெக்கின் வெப்பநிலை. குழாய் இருந்த இடத்தில் அந்த நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். உங்கள் தொல்லை முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

எவ்வளவு கீழே போனது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வெறும் சோடா பூஜ்யத்தை ஒட்டியே உறைந்துவிடும். 5 சதவீத பீர் உறைய ஏறக்குறைய மைனஸ் 2 முதல் மைனஸ் 3 டிகிரி வேண்டும். முதல் தடவை காலையில் சோடா நின்றது, மதியத்துக்குள் பீரும் நின்றது. அப்படியானால் குழாய்கள் இருந்த இடம் மைனஸ் 2 வரையாவது இறங்கியிருக்கிறது. இரண்டாம் தடவை சோடா மட்டும் நின்றதால், பூஜ்யத்துக்கும் மைனஸ் 2-க்கும் நடுவே எங்கோ நின்றுவிட்டது. இரண்டு டேப்பும் சேர்ந்து ஒரு தெர்மாமீட்டர் வேலையைச் செய்து கொடுத்திருக்கின்றன.

அந்த வெள்ளி இரவு நடந்தது இதுதான். புது கெக் அறைச் சூட்டில், சுமார் 20 டிகிரியில் உள்ளே போனது. 19 லிட்டர் திரவம் அவ்வளவு சீக்கிரம் குளிராது. வீட்டு கெகரேட்டரின் சின்ன கம்ப்ரசர் அதைக் குளிர்விக்க ஒரு நாள் வரை எடுக்கும். சென்சர் அந்தக் கெக்கின் மேலேயே ஒட்டியிருந்ததால் கெக் 2 டிகிரிக்கு வரும்வரை கம்ப்ரசரை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. இரவு முழுக்க நிற்காமல் ஓடியிருக்கும். பின்சுவரில் இருக்கும் அலுமினியக் குளிர்த்தகடு அப்போது மைனஸ் 10-க்கும் கீழே போகும். அதைச் சுற்றியுள்ள காற்றும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கெக்குக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பீர் குழாயின் உட்குறுக்களவு 5 மில்லிமீட்டர்கூட இருக்காது. 3 மீட்டர் குழாய்க்குள் நிற்கும் பீர் மொத்தமே 50 மில்லியை ஒட்டித்தான். 19 லிட்டர் மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்கும்போது அந்த 50 மில்லி எப்போதோ கட்டியாகிவிடுகிறது.

தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் சோதித்துவிடுங்கள். கன்ட்ரோலரை 10 டிகிரிக்கு ஏற்றுங்கள். கம்ப்ரசர் சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். பிறகு கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, பெட்டியை நேராகச் சுவரில் செருகி, அதன் சொந்த தெர்மோஸ்டாட்டைக் குறைந்த குளிருக்குத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் நிற்க வேண்டும். பழைய பெட்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது, தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செம்புக்குழல் முனை தகட்டில் பிடித்திருக்கும் கிளிப்பிலிருந்து கழன்று தொங்குவது. தகடு எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குத் தெரியாது, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பக் கிளிப்பில் செருகினால் போதும். செலவே இல்லை.

கேஸ் லீக்கா என்ற சந்தேகத்துக்கு ஒரு நொடியில் விடை கிடைக்கும். கெக் மூடியில் உள்ள ரிலீஃப் வால்வின் வளையத்தை லேசாக இழுத்துவிடுங்கள். அழுத்தமாகச் ‘சர்’ரென்று வந்தால் உள்ளே கேஸ் இருக்கிறது. அடுத்து, பீர் வெளிவரும் கனெக்டரைக் கெக்கிலிருந்து கழற்றி, குழாயை ஆரம்பத்திலிருந்து டேப் வரை விரலால் நசுக்கிக்கொண்டே போங்கள். உறைந்த இடத்தில் குழாய் நசுங்காது, அல்லது உள்ளே நறநறவென்று பொடியும். எங்கே கெட்டியாக இருக்கிறதோ அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். குழாய் முழுக்க மெத்தென்று இருந்தும் பீர் வராவிட்டால் அது உறைவே இல்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் தூள் கெக்கின் வால்வில் அடைத்திருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், காய்ந்த பீர் ஒட்டி டேப் இறுகியிருக்கலாம்.

இனி உருக்கும் வேலை. முதலில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குங்கள். சிலிண்டரின் வால்வை மூடுங்கள். கெக்கில் ஏறியிருக்கும் அழுத்தத்தை ரிலீஃப் வால்வு வழியாக விட்டுவிடுங்கள். அதன் பிறகுதான் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டரில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை, குறைக்க வேண்டும். கெக்கில் 30 பிஎஸ்ஐ இருக்கும்போதே ரெகுலேட்டரை 10-க்கு இறக்கினால், இடையில் ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு இல்லாத அமைப்புகளில் பீர் கேஸ் குழாய்க்குள் திரும்பி ரெகுலேட்டர் வரை ஏறிவிடும். அதற்குப் பிறகு ரெகுலேட்டரைச் சுத்தம் செய்வது பெரிய வேலை.

ஹேர் ட்ரையர் வேண்டவே வேண்டாம், ஹீட் கன்னும் வேண்டாம். பீர் குழாய் பெரும்பாலும் வைனில்தான். சூடு பட்டால் இளகும். உள்ளே அழுத்தம் இருந்தால் கனெக்டரிலிருந்து கழன்று தெறிக்கும். உருகும் தண்ணீர் நிற்கும் பெட்டிக்குள் மின்சாரம் ஓடும் ட்ரையரைப் பிடித்து நிற்பது அதைவிட மோசம். கை பொறுக்கும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து குழாயில் சுற்றுங்கள். குழாயை டேப்பிலிருந்து கழற்ற வருமென்றால் ஒரு பாத்திரம் வெதுவெதுப்பான நீரில் முழுதாக அமிழ்த்திவிடலாம், சில நிமிடங்களில் விட்டுவிடும். அவசரமில்லை என்றால் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், இரண்டு மணி நேரம் போதும். அடியில் ஒரு பழைய டவலை விரித்துவிடுங்கள்.

தகட்டில் பனி தடிப்பாகப் படிந்திருந்தால் ஸ்க்ரூடிரைவரோ கத்தியோ வைத்துக் கொத்தக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. அந்த அலுமினியத் தகடு மெல்லியது, அதற்குள்ளேயே குளிர்வாயு ஓடுகிறது. ஒரு பொத்தல் விழுந்தால் பெட்டியின் கதை முடிந்தது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன், அதாவது ஆர்-600ஏ, இருக்கிறது. அது தீப்பிடிக்கும் வாயு. ஜன்னல் குறைவான பேஸ்மென்டில் அதை வெளியே விடுவது விளையாட்டல்ல. உங்கள் பெட்டியில் என்ன வாயு என்பது பின்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். பனி தானாக உருகட்டும். உள்ளே ஒரு தட்டில் வெந்நீர் வைத்தால் வேகமாக உருகும்.

30 பிஎஸ்ஐ வைத்து அடைப்பைத் தள்ளப் பார்த்தீர்கள். பலரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். பனிக்கட்டி அழுத்தத்துக்கு அசையாது. ஆனால் அத்தனை கேஸும் பீருக்குள் கரையும். உருகிய பிறகு டேப்பைத் திறந்தால் நுரை மட்டுமே வரும், மறுபடி குளிர் போதவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். எனவே கேஸ் சிலிண்டரை மூடிய நிலையிலேயே வைத்து, ஒரு நாளில் சில முறை ரிலீஃப் வால்வை இழுத்து விடுங்கள். அதிகமாகக் கரைந்தது மெல்ல வெளியேறும். பிறகு வழக்கமான அழுத்தத்துக்குத் திரும்பலாம்.

இப்போது எல்லாம் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். முதல் கிளாஸ் நுரைக்கும் உங்கள் பெட்டியின் குளிருக்கும் சம்பந்தம் குறைவு. டேப்புகளைத் தாங்கிப் பெட்டியின் மேலே நிற்கும் தூணான டவர் 20 டிகிரி அறையில் நிற்கிறது. கடைசியாக ஊற்றிய பிறகு டவருக்குள் தங்கும் பீர் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். சூடான பீர் கேஸைப் பிடித்து வைக்காது, டேப்பைத் திறந்ததும் நுரைத்துவிடும். முதல் கிளாஸையும் உடனே ஊற்றிய இரண்டாம் கிளாஸையும் தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் நாலைந்து டிகிரி வித்தியாசப்பட்டால் குற்றவாளி டவர்தான். கீழே எவ்வளவு குளிரை ஏற்றினாலும் டவரின் உச்சிக்கு அது போய்ச் சேராது, குளிர்ந்த காற்று அடியிலேயே தங்கிவிடும். அதனால் மேலே நுரையும் கீழே பனிக்கட்டியும் ஒரே நேரத்தில் வருகின்றன. முதல் கிளாஸை மட்டும் பார்த்துத் தெர்மோஸ்டாட்டை இறக்கியவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

டவருக்குக் காற்று அனுப்புவதுதான் மருந்து. 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தி, அதிலிருந்து ஒரு குழலை டவரின் உச்சி வரை ஏற்றிவிடுங்கள். குளிர்காற்று மேலே போய், டவர் வழியாகவே கீழே திரும்பும். டவருக்குள் இடம் இருந்தால் குழாயில் நுரைப்பஞ்சையும் சுற்றுங்கள். சில பெட்டிகளில் இந்த ஃபேன் கம்பெனியிலேயே பொருத்தி வரும். பழைய பெட்டியில் அது தூசியடைந்து நின்றுபோயிருக்கவும் வாய்ப்புண்டு, கையை வைத்துக் காற்று வருகிறதா பாருங்கள்.

இன்னொன்று, பெட்டியோடு வந்த பீர் குழாய் எவ்வளவு நீளம்? பெரும்பாலும் 5 அடிதான் கொடுப்பார்கள். 12 பிஎஸ்ஐ-க்கு வீட்டில் அது போதாது, பீர் வேகமாக வந்து கிளாஸில் மோதி நுரைக்கும். அதே விட்டத்தில் 10 அடி போடுங்கள். குழாய் நீள நீள வேகம் அடங்கும். சோடாவுக்கு 30 பிஎஸ்ஐ வரை வைப்பதால் அதற்கு 20 அடிக்குக் குறையக் கூடாது.

ஆனால் 20 அடிக் குழாயை எங்கே வைப்பது? சோடா முதலில் உறைவதற்கு அதன் உறைநிலை மட்டும் காரணமில்லை. நீளமான குழாயைச் சுருட்டிப் பெட்டியின் தரையிலோ பின்பக்கத்திலோ திணித்திருப்பீர்கள். தரைதான் காற்று அதிகம் குளிரும் இடம், பின்சுவரில் தகடு இருக்கிறது. விரலால் நசுக்கிப் பார்த்தபோது கெட்டியாக இருந்த இடம் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். தொட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். குழாய்களை வட்டமாகச் சுற்றி, வெல்க்ரோ பட்டையால் கட்டி, கெக்கின் தலைமேல் வையுங்கள். கெக்கும் தகட்டிலிருந்து மூன்று விரற்கடையாவது தள்ளி நிற்கட்டும். கெக்குகளை இடித்துப் பிடித்து உள்ளே ஏற்றும்போது குழாய் மெல்ல நழுவிப் பின்னால் போய்விடும். ஒவ்வொரு முறை கெக் மாற்றிய பிறகும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பெட்டிக்குள்ளும் ஒரு ஃபேன் எந்நேரமும் ஓட வேண்டும். டவர் ஃபேன் வைத்தால் பெரும்பாலும் அதுவே போதும். காற்று கலந்துகொண்டே இருந்தால் தரைக்கும் மேல்தட்டுக்கும் வித்தியாசம் குறையும், கெக்கும் சீக்கிரம் குளிரும்.

சென்சரை எங்கே வைப்பது என்பதில் பலர் பல விதமாகச் சொல்வார்கள். கெக்கில் ஒட்டு என்று உங்கள் நண்பர் சொன்னது தவறில்லை. ஏற்கெனவே குளிர்ந்த கெக்குக்கு அது நல்ல முறைதான், பீரின் உண்மையான வெப்பநிலை தெரியும். சூடான கெக் உள்ளே வரும் நாளில் மட்டும் அதுவே ஆபத்து. சென்சரைக் காற்றில் தொங்கவிட்டாலோ, கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் விழித்துக்கொள்ளும். நான் வீடுகளில் வைத்துக் கொடுப்பது இரண்டுக்கும் நடுவே. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கெக்கின் நடு உயரத்தில் கட்டி, சென்சரை அந்தப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்துவிடுவேன். அரை லிட்டர் தண்ணீர் காற்றைவிட நிதானமாகவும் கெக்கைவிடச் சுருக்காகவும் மாறும். குழாய் பூஜ்யத்தைத் தொடும் முன்பே கம்ப்ரசர் நின்றுவிடும். கெக் முழுதாகக் குளிர இன்னும் சில மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். சனிக்கிழமை விருந்து என்றால் வியாழனே கெக்கை உள்ளே வையுங்கள்.

கன்ட்ரோலரில் 4 டிகிரி வையுங்கள். கடைகளில் டிராஃப்ட் பீருக்கு வைப்பதே சுமார் 3.3 டிகிரி, அதாவது 38 ஃபாரன்ஹீட். பேல் ஏலுக்கு 4 தாராளம். இன்னும் சொன்னால் மணமும் அப்போதுதான் எழும். கம்ப்ரசர் நிற்கும் டிகிரிக்கும் மறுபடி தொடங்கும் டிகிரிக்கும் 1 டிகிரி இடைவெளி போதும். கம்ப்ரசர் நின்ற பிறகு மறுபடி தொடங்குவதற்கு முன் 5 நிமிட இடைவெளி இருக்கும்படி டிலே வைத்துவிடுங்கள், மோட்டார் நீண்ட நாள் உழைக்கும். டிகிரி ஏறினால் அழுத்தமும் சற்று ஏற வேண்டும். 2 டிகிரியில் 10 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 4 டிகிரிக்கு 12 வையுங்கள், பீரில் கரைந்திருக்கும் கேஸ் அதே அளவில் நிற்கும்.

இதையெல்லாம் செய்து ஒரு நாள் விட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு தெர்மாமீட்டர்களைப் போட்டு, ஒன்றைத் தரையிலும் இன்னொன்றைக் குழாய்ச் சுருள் பக்கத்திலும் வையுங்கள். சுருள் பக்கத்தில் 2 டிகிரிக்குக் கீழே காட்டினால் கன்ட்ரோலரை இன்னும் ஒரு டிகிரி ஏற்றுங்கள். கன்ட்ரோலர் காட்டும் எண்ணைவிட இந்த எண்ணை நம்புங்கள்.

குழாயைக் கழுவும் நாளில் ஒரு கவனம். உள்ளே தண்ணீரை நிறுத்திவைத்து டேப்பை மூடிவிடாதீர்கள். பீர் தாங்கும் குளிரைத் தண்ணீர் தாங்காது. கேஸ் விட்டு ஊதி வெளியேற்றுங்கள், அல்லது உடனே பீரை நிரப்புங்கள்.

உங்கள் பெட்டி பேஸ்மென்டில் இருப்பது நல்லது. ஹீட்டிங் இல்லாத கராஜில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்டாரியோ ஜனவரியில் கராஜே பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது எந்த தெர்மோஸ்டாட்டும் உதவாது. அதற்குக் குளிர்விக்கத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது. அங்கே வெப்பமாக்கவும் ஒரு பிளக் உள்ள கன்ட்ரோலர் வேண்டும். அந்தப் பிளக்கில் விதை முளைக்கவைக்கும் ஹீட் மேட் போன்ற குறைந்த வாட் பொருளைச் செருகிப் பெட்டிக்குள் வைக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டவரையும் டேப்பையும் அது காப்பாற்றாது. கடுங்குளிர் வாரங்களில் குழாயைக் காலிசெய்துவிட்டு கெக்கை வீட்டுக்குள் கொண்டுவருவதே சரி.

கடைசியாக, உறைந்த பீரைப் பற்றி. குடிக்கலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. உருகிய பிறகு குழாயில் நின்றதை முதலில் ஒரு கிளாஸ் அளவு வடித்துக் கொட்டிவிடுங்கள். பனிக்கட்டித் துகள் மிச்சமிருந்தாலும் அதைச் சுற்றிக் கேஸ் பிரிந்து நுரைதான் வரும். கெக்குக்குள்ளேயே பீர் உறைந்திருந்தால் உருகிய பிறகு வெண்மையான இழைகள் மிதக்கலாம். அது புரதம் பிரிந்து திரண்டது. பார்க்க நன்றாக இராது, குடித்தால் ஒன்றும் செய்யாது. உங்கள் கதையில் கன்ட்ரோலர் 6 டிகிரி காட்டியதால் பீர் கெக் உறைந்திருக்காது. சோடா கெக்கை மட்டும் வெளியே எடுத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கட்டி இடிக்கும் சத்தம் கேட்டால் முழுதும் உருகும்வரை கேஸ் கொடுக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது விரியும், மூடியின் ரப்பர் வளையம் நகர்ந்திருக்கலாம். உருகியதும் கேஸ் ஏற்றி, மூடியைச் சுற்றிச் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.